ஆர்டி கெர்னல் தேவையா? லினக்ஸின் பிரீஎம்ப்ஷன் தேர்வுகள், ஒரு ஒப்பீடு

"ஆர்டி கெர்னல் போட்டுவிடலாமா?" என்று கேட்பவர்கள் மூன்று வகை. (கெர்னல் என்பது இயங்குதளத்தின் மையம்; ஆர்டி, அதாவது ரியல்டைம், கெர்னல் என்பது அவசர வேலைக்குக் குறித்த நேரத்துக்குள் சிபியு கிடைக்கச் செய்யும் லினக்ஸ் வகை.) ஒலிப்பதிவின் நடுவே சடசடவென்று சத்தம் கேட்கிறது என்பவர் ஒருவர். மோட்டாரை ஓட்டும் கன்ட்ரோல் லூப் எப்போதாவது ஒரு சுற்றைத் தவறவிடுகிறது என்பவர் இன்னொருவர். சர்வரில் நூற்றில் ஒரு ரிக்வெஸ்ட் மட்டும் காரணமில்லாமல் இழுக்கிறது என்பவர் மூன்றாமவர். கேள்வி ஒன்றுதான், பதில் மூவருக்கும் வேறு. முதலாமவருக்கும் மூன்றாமவருக்கும் பெரும்பாலும் கெர்னலை மாற்றவே வேண்டியதில்லை. இரண்டாமவருக்குத் தேவைப்படலாம், அல்லது அந்த வேலையை லினக்ஸிலிருந்தே வெளியே எடுப்பது நல்லதாக இருக்கலாம்.

தேர்ந்தெடுக்கும் முன் இரண்டு விஷயம் தெரிய வேண்டும்: நம் த்ரெட்டுக்கு (புரோகிராமுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலைத்தொடர்) எவ்வளவு தாமதம் பொறுக்கும், அந்தத் தாமதம் எந்த இடத்தில் உண்டாகிறது. இரண்டாவதைத் தெரிந்துகொள்ளாமல் கெர்னலை மாற்றுபவர்கள்தான் அதிகம். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

காத்திருப்பு எங்கே நடக்கிறது

ஒரு த்ரெட் தூங்கிக்கொண்டிருக்கிறது. சவுண்ட் கார்டின் பஃபர் காலியாகிறது, இன்டரப்ட், அதாவது 'உடனே கவனி' என்று ஹார்டுவேர் சிபியுவுக்கு அனுப்பும் சமிக்ஞை, எழுகிறது. அப்போதிலிருந்து அந்த த்ரெட்டின் முதல் வரி ஓடும்வரை ஆகும் நேரம்தான் நாம் பேசப்போகும் லேட்டன்சி.

முதலில் சிபியு அந்த இன்டரப்டை ஏற்க வேண்டும். கெர்னல் ஏதோ ஒரு வேலைக்காக இன்டரப்டுகளை அடைத்து வைத்திருந்தால், அது திறக்கும்வரை நிற்க வேண்டியதுதான். ஏற்றதும், அதைக் கவனிக்கும் கெர்னல் கோடான ஹேண்ட்லர் ஓடுகிறது. நம் த்ரெட்டை எழுப்பி, ஓடக் காத்திருப்பவர்களின் வரிசையில் சேர்க்கிறது. இப்போது ஓடுகிறவரைவிடப் புதிதாக வந்தவர் முக்கியம் என்று ஷெட்யூலர் (யார் ஓடுவது என்று தீர்மானிக்கும் கெர்னல் பகுதி) முடிவு செய்தால், ஓடுகிற த்ரெட்டின் மேல் 'மறுபடி ஷெட்யூல் செய்ய வேண்டும்' என்று ஒரு கொடியை வைக்கிறது. இங்கே கவனிக்க வேண்டியது, கொடிதான் வைக்கப்பட்டிருக்கிறது. சிபியு இன்னும் கை மாறவில்லை.

அந்தக் கொடியை யார், எப்போது பார்க்கிறார்கள் என்பதில்தான் எல்லாத் தேர்வுகளும் பிரிகின்றன. இன்டரப்ட் வந்தபோது ஓடியது சாதாரண யூசர் கோட் என்றால் சிக்கலே இல்லை. ஹேண்ட்லர் முடிந்து திரும்பும் வழியிலேயே கொடி கண்ணில் பட்டு ஆள் மாறிவிடும். எந்தக் கெர்னலிலும் இது இப்படித்தான். ஆனால் அந்த நேரத்தில் ஓடியது ஒரு சிஸ்டம் கால், அதாவது புரோகிராம் கேட்டுக் கெர்னல் செய்யும் வேலை, என்றால்? பல ஜிகாபைட் பிடித்திருந்த ஒரு ப்ராசஸ் முடிந்து, அதன் மெமரியைக் கெர்னல் பக்கம் பக்கமாக விடுவித்துக்கொண்டிருந்தால்? அந்த வேலையைப் பாதியில் நிறுத்தி சிபியுவைப் பிடுங்கலாமா, முடியட்டும் என்று காத்திருக்க வேண்டுமா? இதற்கு லினக்ஸ் தரும் விடைகள்தான் பிரீஎம்ப்ஷன் வகைகள்.

'நன்', 'வாலன்டரி'

'நன்' என்பது பழைய வழி. கெர்னலுக்குள் போன வேலை தானாக யூசர் பக்கம் திரும்பும்வரை, அல்லது எதற்காவது காத்துத் தூங்கும்வரை, அதை யாரும் இடையில் நிறுத்த முடியாது. 2.4 காலம் முழுக்க லினக்ஸ் இப்படித்தான் இருந்தது. கெர்னலுக்குள்ளேயே பிடுங்கும் வசதி 2003 டிசம்பரில் வந்த 2.6-இல்தான் பொதுப் புழக்கத்துக்கு வந்தது. நீளமான லூப்களின் நடுவே 'யாராவது காத்திருக்கிறார்களா' என்று பார்க்கும் அழைப்பைக் கெர்னல் எழுதுபவர்கள் கையாலேயே அங்கங்கே செருகி வைத்திருக்கிறார்கள். எங்கே செருக மறந்தார்களோ அங்கே தாமதம். 'வாலன்டரி' இன்னும் கொஞ்சம் இடங்களில் பார்க்கும், அவ்வளவுதான்.

இரண்டிலும் சராசரி மிக நன்றாக இருக்கும். மோசமான எண்ணுக்கு, அதாவது அதிகபட்சத் தாமதத்துக்கு, மட்டும் யாரும் உறுதி தர முடியாது. ஒரு மில்லி செகண்ட் ஆகலாம், பத்தும் ஆகலாம்; எந்த டிரைவர், எந்த ஃபைல் சிஸ்டம், எவ்வளவு மெமரி என்பதைப் பொறுத்தது. மொத்தமாகக் கணக்குப் போட்டுத் தள்ளும் வேலைகளுக்கு இது போதும்.

'ஃபுல்'

இதில் விதி தலைகீழ். கெர்னலுக்குள் ஓடும் வேலையையும் எந்த இடத்திலும் நிறுத்தலாம்; ஸ்பின்லாக் (ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பிடிக்கக்கூடிய பூட்டு; காத்திருப்பவர் தூங்காமல் சுற்றிக்கொண்டே நிற்பார்) பிடித்திருக்கும் பகுதிகள், பிரீஎம்ப்ஷனை வேண்டுமென்றே அடைத்த பகுதிகள் மட்டும் விலக்கு. மேலே சொன்ன மெமரி விடுவிக்கும் வேலையை இங்கே நடுவில் நிறுத்தி நம் த்ரெட் ஓடிவிடும். மிஞ்சுவது ஸ்பின்லாக் பிடித்திருக்கும் நேரமும், இன்டரப்ட் ஹேண்ட்லர்களும், அவற்றால் ஒத்திவைக்கப்பட்டுப் பின்னால் ஓடும் சாஃப்ட் இன்டரப்ட் வேலைகளும்தான்.

இந்தக் கடைசி ஆளை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நெட்வொர்க்கில் பாக்கெட் மழையாகக் கொட்டும்போது சாஃப்ட் இன்டரப்ட் தொடர்ந்து ஓடும், உங்கள் த்ரெட்டின் முன்னுரிமை எவ்வளவு உயரமாக இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. 'ஃபுல்' கெர்னலிலும் நெட்வொர்க் சுமையில் மட்டும் ஆடியோ தெறிக்கிறது என்றால் சந்தேகிக்க வேண்டிய இடம் இதுதான். இன்டரப்ட் ஹேண்ட்லர்களைத் தனித்தனி த்ரெட்டாக ஓடவிடும் பூட் அளவுரு (கணினி தொடங்கும்போது கெர்னலுக்குத் தரும் அமைப்பு) 2.6.39-இலிருந்து இருக்கிறது, ஆர்டி கெர்னல் இல்லாமலேயே சவுண்ட் கார்டின் இன்டரப்டை நெட்வொர்க் கார்டுக்கு மேலே ஏற்றிவைக்க அது வழி செய்கிறது. ஆடியோக்காரர்களுக்கு இதைவிட மலிவான மருந்து இல்லை.

'லேசி'

2025 ஜனவரியில் வந்த 6.13 கெர்னலில் இது சேர்ந்தது. பெயரைக் கேட்டு லேட்டன்சிக்கு ஆகாதது என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். அது தவறு.

'லேசி'யில் கொடி இரண்டு வகை: அவசரக் கொடி, சாவகாசக் கொடி. எழுந்தது சாதாரண த்ரெட் என்றால் சாவகாசக் கொடி. ஓடுகிற வேலை தொடரும். யூசர் பக்கம் திரும்பும்போது ஆள் மாறும், அதற்குள் டைமர் டிக் வந்துவிட்டால் கொடி அவசரமானதாக உயரும். எழுந்தது ரியல்டைம் அல்லது டெட்லைன் வகுப்பு த்ரெட் (வகுப்புகளைப் பின்னால் பார்ப்போம்) என்றால் முதலிலேயே அவசரக் கொடிதான், 'ஃபுல்' கெர்னலில் கிடைக்கும் அதே மரியாதை.

இதன் பலன் என்ன? சாதாரண த்ரெட்கள் ஒன்றையொன்று அநாவசியமாக இடையில் பிடுங்குவது குறைகிறது. ஒருவர் லாக்கைப் பிடித்த நிலையில் வெளியே தள்ளப்பட்டு, உள்ளே வந்தவர் அதே லாக்குக்காக நிற்கும் வீண் சுற்று குறைகிறது. த்ரூபுட், அதாவது மொத்தமாக முடியும் வேலையின் அளவு, 'நன்', 'வாலன்டரி' பக்கம் நெருங்குகிறது. ஆனால் உண்மையிலேயே அவசரம் உள்ள த்ரெட்டுக்கு எந்த இழப்பும் இல்லை. பழைய இரண்டு வகைகளையும், கையால் செருகிய அந்த அழைப்புகளையும் காலப்போக்கில் ஒழிப்பதே இதைக் கொண்டுவந்தவர்களின் நோக்கம். இத்தனை ஆண்டுகளாக 'டெஸ்க்டாப்பா, சர்வரா' என்று கெர்னல் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியை 'எந்த த்ரெட்' என்று மாற்றிக் கேட்கிறது 'லேசி'. சர்வருக்கு என் தேர்வு இதுதான்.

5.12-க்குப் பிறகு வந்த கெர்னல்களில் டைனமிக் பிரீஎம்ப்ஷன் சேர்த்து கம்பைல் செய்திருந்தால், இந்த வகைகளுக்கு இடையே மாற மறுபடி கம்பைல் செய்ய வேண்டாம், ஒரு பூட் அளவுரு போதும். ஆகவே விவாதிப்பதைவிட மாற்றிப் பார்த்து அளப்பது எளிது. ஆர்டி மட்டும் தனிக் கெர்னல்.

ஆர்டி

இங்கே கெர்னலின் உள்ளமைப்பே மாறுகிறது. வழக்கமான ஸ்பின்லாக்குகள், தூங்கக்கூடிய, முன்னுரிமையைக் கடன் கொடுக்கக்கூடிய (காத்திருப்பவரின் உயர்ந்த முன்னுரிமையை லாக் வைத்திருப்பவருக்குத் தற்காலிகமாகத் தரும்) லாக்குகளாக மாற்றப்படுகின்றன. ஆகவே லாக் பிடித்திருப்பவரையும் வெளியே தள்ள முடியும். இன்டரப்ட் ஹேண்ட்லர்கள் கிட்டத்தட்ட எல்லாமே த்ரெட்டுகளாகின்றன. இயல்பாக ஃபைஃபோ என்ற ரியல்டைம் வகுப்பில், முன்னுரிமை 50-இல் ஓடும். சாஃப்ட் இன்டரப்டும் த்ரெட்டுக்குள் அடங்கிவிடுகிறது. நிறுத்தவே முடியாத பகுதி என்று மிஞ்சுவது ஷெட்யூலரின் உள்வேலை போன்ற சிறு துண்டுகள் மட்டும்.

2004 வாக்கில் தொடங்கிய இந்த வேலை, 20 ஆண்டு தனி பேட்சாகவே (மேலே ஒட்டிக்கொள்ளும் திருத்தமாகவே) வாழ்ந்து, 2024 நவம்பரில் வந்த 6.12-இல்தான் முக்கியக் கெர்னலில் முழுதாகச் சேர்ந்தது. கடைசிவரை முட்டுக்கட்டையாக நின்றது எது தெரியுமா? கெர்னல் தன் செய்திகளைத் திரையில் அச்சிடும் சாதாரணக் கோட். எந்த நிலையிலும், மெஷின் செத்துக்கொண்டிருக்கும்போதும், செய்தி வெளியே வர வேண்டும். அதே சமயம் மெதுவான சீரியல் போர்ட்டுக்காக யாரையும் நிறுத்திவைக்கவும் கூடாது. இரண்டையும் ஒன்றாகச் சாதிக்க ஆண்டுக்கணக்கில் ஆனது. 2024 செப்டம்பரில் வியன்னாவில், இந்த முயற்சியை முன்னின்று நடத்திய தாமஸ் கிளைக்ஸ்னர் சேர்ப்பு வேண்டுகோளை அச்சிட்டு, தங்க நிறத் தாளில் சுற்றி, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கையில் கொடுத்தார். அந்த மரியாதைக்குத் தகுதியான உழைப்புதான். துல்லிய டைமர்கள், முன்னுரிமையைக் கடன் தரும் ஃப்யூடெக்ஸ் (புரோகிராம்களின் லாக்குகளுக்கு அடியில் இருக்கும் கெர்னல் வசதி), த்ரெட்டாக ஓடும் இன்டரப்ட் எல்லாம் அந்த முயற்சியில் பிறந்து நமக்கு வந்தவை. ஆர்டி பேட்சைத் தொடாதவர்களும் அதன் பலனை இத்தனை காலம் அனுபவித்தே வந்திருக்கிறார்கள்.

விலை என்ன? த்ரூபுட் குறையும். எவ்வளவு என்பது வேலையைப் பொறுத்தது; நெட்வொர்க், டிஸ்க் என்று இன்டரப்ட் அதிகம் வரும் இடங்களில் நன்றாகவே தெரியும், கணக்கு மட்டும் ஓடும் இடத்தில் தெரியாது. சில டிரைவர்கள் ஒத்துழைக்காது. என்விடியாவின் சொந்த டிரைவர், ஆர்டி கெர்னலைக் கண்டால் நிறுவ மறுக்கும், அந்தச் சோதனையைத் தாண்டத் தனியாகச் சொல்ல வேண்டும். கிடைப்பது: நன்றாகச் சீர்செய்த பிசியில் மோசமான எண் சில பத்து மைக்ரோ செகண்டுகளில் நிற்கும். அதுவும் அந்த பிசியின் ஹார்டுவேர் ஒத்துழைத்தால்.

த்ரெட்டுக்கு எந்த வகுப்பு

கெர்னலை எப்படித் தேர்ந்தாலும், உங்கள் த்ரெட் சாதாரண வகுப்பிலேயே கிடந்தால் பாதிப் பலன்கூட வராது. ஆர்டி கெர்னல் நிறுவிவிட்டு, தங்கள் புரோகிராமுக்கு ரியல்டைம் முன்னுரிமை கொடுக்காமலே 'ஒன்றும் மாறவில்லை' என்பவர்கள் நிறைய. மாறாதுதான்.

சாதாரண வகுப்பில் 2007 முதல் சிஎஃப்எஸ், 2023 அக்டோபரில் வந்த 6.6 முதல் இஇவிடிஎஃப் என்ற ஷெட்யூலிங் முறை. இரண்டின் அடிப்படை நோக்கம் நியாயமான பங்கு. 'நைஸ்' மதிப்பு முதன்மையாக அந்தப் பங்கின் அளவைத் தீர்மானிக்கிறது. எவ்வளவு சீக்கிரம் கிடைக்கும் என்பதை அதை வைத்து நம்ப முடியாது. இஇவிடிஎஃப்பில் ஒவ்வொரு த்ரெட்டுக்கும் ஒரு டெட்லைன் கணக்கிடப்படுகிறது. சிறிய துண்டாக நேரம் கேட்பவருக்குக் கிட்டத்தில் டெட்லைன், ஆகவே சீக்கிரம் வாய்ப்பு. மொத்தப் பங்கு மாறாது. 6.12 முதல் த்ரெட்டே தன் துண்டின் அளவைச் சொல்லிக்கொள்ளலாம். சர்வரில் இழுக்கும் அந்த நூற்றில் ஒரு ரிக்வெஸ்டுக்கு இது பார்க்க வேண்டிய இடம். எட்டு கோருக்கு மேல் உள்ள மெஷினில் இயல்பான துண்டு சுமார் 3 மில்லி செகண்ட். ஒரே கோரில் மூன்று பேர் சுறுசுறுப்பாக இருந்தால் உங்கள் முறை வர எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அங்கே கெர்னலின் பிரீஎம்ப்ஷன் வகை காரணமே இல்லை. கோர் போதவில்லை, அல்லது த்ரெட் அதிகம்.

ஃபைஃபோ வகுப்பு எளிமையானது: 1 முதல் 99 வரை முன்னுரிமை, உயர்ந்தவர் தானாக விடும்வரை ஓடுவார். ஆர்ஆர் அதேதான், ஒரே முன்னுரிமைக்காரர்களுக்குள் 100 மில்லி செகண்ட் முறை வைத்து மாறும். லேட்டன்சிக்காக அதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஃபைஃபோ த்ரெட் ஒன்று முடிவில்லாத லூப்பில் மாட்டினால் அந்தக் கோர் போச்சு. இதற்குத்தான் கெர்னல் ஒரு பாதுகாப்பு வைத்திருக்கிறது. பழைய கெர்னல்களில் ஒரு செகண்டில் 950 மில்லி செகண்டுக்கு மேல் ரியல்டைம் ஓடினால் நிறுத்திவைக்கும். 6.12 முதல், பட்டினி கிடக்கும் சாதாரண த்ரெட்களுக்குச் செகண்டுக்கு 50 மில்லி செகண்ட் ஒதுக்கும் முறை வந்திருக்கிறது. இந்தப் பாதுகாப்பை முதல் வேலையாக அணைக்கச் சொல்லும் அறிவுரைகளைப் பார்க்கிறேன். உங்கள் த்ரெட் அந்த எல்லையைத் தொடுகிறது என்றால் வடிவமைப்பில் ஏதோ கோளாறு. முதலில் அதைப் பாருங்கள்.

டெட்லைன் வகுப்பு 2014-இல் 3.14-உடன் வந்தது. 'ஒவ்வொரு 10 மில்லி செகண்டிலும் எனக்கு 2 வேண்டும்' என்று த்ரெட் சொல்கிறது. கெர்னல் கூட்டிப் பார்த்து இடமிருந்தால் ஏற்கும், இல்லையென்றால் அப்போதே மறுத்துவிடும். பல லூப்கள் ஒரே மெஷினில் ஓடும்போது யாருக்கு எந்த எண் என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம் என்பது பெரிய நிம்மதி. சொன்ன நேரத்தைத் தாண்டினால் அடுத்த சுற்றுவரை நிறுத்திவைத்துவிடும் என்பதால், அதிகபட்சம் எவ்வளவு ஓடும் என்று தெரிந்த கோடுக்குத்தான் பொருந்தும். ஒரே ஒரு முக்கிய த்ரெட் மட்டும் இருந்தால் ஃபைஃபோவே போதும்.

லாக் விஷயத்தில் ஏமாறும் இடம்

1997-இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் கலம் அடிக்கடி தானாக ரீசெட் ஆனது. குறைந்த முன்னுரிமையில் ஓடிய வானிலைப் பணி ஒரு லாக்கைப் பிடித்திருந்தது. உயர்ந்த முன்னுரிமைப் பணி அதற்காகக் காத்திருந்தது. நடுத்தர முன்னுரிமைப் பணி ஒன்று வந்து, லாக் வைத்திருந்தவரை ஓடவிடாமல் சிபியுவை எடுத்துக்கொண்டது. உயர்ந்தவர் குறித்த நேரத்தில் முடிக்காததைப் பார்த்த கண்காணிப்பு, கணினியை ரீசெட் செய்தது. அதில் ஓடிய விஎக்ஸ்வொர்க்ஸ் என்ற ரியல்டைம் இயங்குதளத்தில் முன்னுரிமையைக் கடன் தரும் வசதி இருந்தது, அந்த லாக்குக்கு மட்டும் இயக்கப்படவில்லை. பூமியிலிருந்து அதை இயக்கித் தீர்த்தார்கள்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. ஆர்டி கெர்னல் தன் உள் லாக்குகளுக்குத்தான் இந்தக் கடன் முறையைத் தருகிறது. உங்கள் புரோகிராமில் நீங்கள் உருவாக்கும் பிதிரெட் மியூடெக்ஸுக்கு (லினக்ஸ் புரோகிராம்களின் வழக்கமான லாக்) இயல்பில் அது கிடையாது. உருவாக்கும்போதே கேட்க வேண்டும். சி++ தரநிலையின் மியூடெக்ஸில் கேட்க வழியே இல்லை. ஆக, உலகின் சிறந்த ஆர்டி கெர்னலின் மேல் பாத்ஃபைண்டரின் அதே கோளாறை இன்றும் யாரும் எளிதாக எழுதிவிடலாம். கெர்னலை மாற்றியும் எப்போதாவது பெரிய தாமதம் வருகிறது என்றால், ரியல்டைம் த்ரெட்டும் சாதாரண த்ரெட்டும் பகிரும் லாக் எது என்று தேடுங்கள். மெமரி ஒதுக்கும் ஃபங்ஷனுக்குள்ளும் ஒரு லாக் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

கெர்னல் தீர்க்க முடியாதவை

சைக்ளிக்டெஸ்ட் என்ற கருவி, 'இந்த நேரத்துக்கு எழுப்பு' என்று சொல்லித் தூங்கி, உண்மையில் எப்போது எழுந்தது என்று பார்த்து வித்தியாசத்தை எழுதும். குறைந்தது 2, சராசரி 5, அதிகபட்சம் 1843 மைக்ரோ செகண்ட் என்று ஒரு வரி வந்தால், நம் கண் போக வேண்டியது கடைசி எண்ணுக்கு. சராசரி 5 என்பது இந்த விஷயத்தில் எதையும் சொல்வதில்லை. சுமை இல்லாமல் அளப்பதும் வீண்; டிஸ்க், நெட்வொர்க், கிராஃபிக்ஸ், மெமரி எல்லாவற்றையும் ஒன்றாக வாட்டிக்கொண்டே ஒரு இரவு முழுக்க ஓடவிட வேண்டும்.

ஆச்சரியம் என்னவென்றால், சுமை ஏற்றினால் எண் சில சமயம் குறையும். வேலையில்லாத சிபியு ஆழமான உறக்க நிலைக்குப் போகிறது. அதிலிருந்து எழவே 100 மைக்ரோ செகண்டுக்கு மேல் ஆகும் சிபியுக்கள் உண்டு. ஆழமான நிலைகளைத் தடுத்தால் இது தீரும், மின்செலவு கூடும். இதற்கு ஆர்டி கெர்னல் தேவையே இல்லை, எந்தக் கெர்னலிலும் செய்யலாம்.

அடுத்தது எஸ்எம்ஐ. மதர்போர்டின் ஃபர்ம்வேர், இயங்குதளத்துக்குத் தெரியாமல் சிபியுவைத் தன் வசம் எடுத்துக்கொண்டு ஏதோ செய்துவிட்டுத் திருப்பித் தரும். கெர்னலைப் பொறுத்தவரை கடிகாரம் திடீரென்று தாவியதுபோல் இருக்கும். இதைக் கண்டுபிடிக்க கெர்னலிலேயே ஒரு சோதனை இருக்கிறது: இன்டரப்டுகளை அடைத்துவிட்டு, கடிகாரத்தையே திரும்பத் திரும்பப் படித்து இடைவெளி விழுகிறதா என்று பார்ப்பது. அந்தச் சோதனையிலேயே 300 மைக்ரோ செகண்ட் இடைவெளி விழும் மெஷினில் எந்தக் கெர்னலைப் போட்டாலும் 300-க்குக் கீழ் உறுதி கிடைக்காது. கெர்னலைத் தேர்வதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை இது, பின்னால் அல்ல.

மூன்றாவது பேஜ் ஃபால்ட். ரியல்டைம் த்ரெட் தொட்ட பக்கம் மெமரியில் இல்லையென்றால் டிஸ்க்குக்குப் போய் வரும், மில்லி செகண்டுகள் கரையும். தொடக்கத்திலேயே எல்லாப் பக்கங்களையும் மெமரியில் பூட்டிவைக்கும் ஒரு வரி, பல சமயம் கெர்னல் மாற்றத்தைவிட அதிகப் பலன் தரும்.

விண்டோஸ், மேக்

இங்கே கெர்னலைத் தேர்வு செய்ய முடியாது, ஆகவே சுருக்கமாக. விண்டோஸின் கெர்னல் நன்றாகப் பிடுங்கக்கூடியதுதான்; 32 முன்னுரிமைகளில் 16 முதல் 31 வரை ரியல்டைம். ஆனால் டிரைவர்கள் போடும் டிபிசி (இன்டரப்டுக்குப் பின் செய்ய ஒத்திவைத்த) வேலைகள் எல்லா த்ரெட்டுக்கும் மேலே ஓடும். ஒரே ஒரு மோசமான வைஃபை டிரைவர் முழு ஒலிப்பதிவையும் கெடுக்கும். அங்கே நம் கையில் இருப்பது டிரைவரைத் தேர்வதும், ஆடியோ த்ரெட்டை அதற்கான மல்டிமீடியா சேவையில் பதிவு செய்வதும்தான். டைமரின் இயல்பான இடைவெளி 15.6 மில்லி செகண்ட் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். கேட்டு வாங்கினால் 1 வரை குறையும். மேக்கில் த்ரெட் தன் சுற்று, கணக்கு நேரம், எல்லை ஆகியவற்றைச் சொல்லிப் பதிவு செய்யும் முறை தொடக்கத்திலிருந்தே உண்டு. கோர் ஆடியோ அதன் மேல்தான் நிற்கிறது. ஆடியோவுக்கு மட்டும் என்றால், எதையும் திருகாமல் நன்றாக வேலை செய்வது அதுவே.

யாருக்கு எது

ஆடியோவை எடுத்துக்கொள்வோம். 48,000 ஹெர்ட்ஸில் 128 ஃப்ரேம் பஃபர் என்றால் ஒரு சுற்று 2.67 மில்லி செகண்ட், 64 என்றால் 1.33. அதில் பெரும்பகுதி எஃபெக்ட் கணக்குக்கே போகும். லேட்டன்சிக்குச் சில நூறு மைக்ரோ செகண்ட் மிஞ்சும். 'ஃபுல்' அல்லது 'லேசி', த்ரெட்டாக ஓடும் இன்டரப்ட், ஆடியோ த்ரெட்டுக்கு ஃபைஃபோ, மெமரிப் பூட்டு. பெரும்பாலானவர்களுக்கு இங்கேயே பிரச்சினை முடிந்துவிடும். 32 ஃப்ரேமுக்கு இறங்கியே தீர வேண்டும் என்பவர் மட்டும் ஆர்டியைத் தொட்டுப் பார்க்கலாம்.

ஒரு மில்லி செகண்ட் சுற்றில் ஓடும் மோட்டார் லூப்புக்கு ஆர்டி கெர்னல்தான். 'ஃபுல்' கெர்னலும் நாள் முழுக்க நன்றாக ஓடுவதுபோல்தான் தெரியும். ஆனால் அங்கே தவறும் ஒரு சுற்றின் விலை சடசடப்புச் சத்தம் இல்லை, ஒரு இயந்திரக் கை போய் எதிலாவது இடிப்பது. ஒரு கோரைத் தனியாக ஒதுக்கி, மற்ற இன்டரப்டுகளை அங்கே வராமல் திருப்பிவிட்டு, ஃபைஃபோவில் ஓடவிட்டால் 100 மைக்ரோ செகண்டுக்குள் நிற்பது நடைமுறைச் சாத்தியம். சுற்றில் பத்தில் ஒரு பங்கு, பொறுக்கலாம்.

ஸ்டெப்பர் மோட்டாருக்கான பல்ஸைக் கணினியே நேரடியாக எழுப்புவது இன்னொரு கதை. எந்திரக் கருவிகளை ஓட்டும் லினக்ஸ்சிஎன்சி மென்பொருளில் அதற்கான அடிப்படை த்ரெட் 25 முதல் 50 மைக்ரோ செகண்டில் சுற்ற வேண்டும். அந்தத் திட்டத்தின் ஆவணங்களே, அதிகபட்சத் தாமதம் 15–20 மைக்ரோ செகண்டுக்குள் இருந்தால் மிக நல்லது, 100-ஐத் தொட்டால் அந்தக் கணினி இந்த வேலைக்கு ஆகாது என்கின்றன. இந்த இடத்தில்தான் இரட்டைக் கெர்னல்கள், அதாவது ஆர்டிஏஐ, செனோமை போன்றவை, பேச்சுக்கு வருகின்றன. லினக்ஸுக்குக் கீழே இன்னொரு சிறிய ரியல்டைம் கெர்னல் உட்கார்ந்து இன்டரப்டை முதலில் தானே வாங்கிக்கொள்ளும். எண் நன்றாகவே இருக்கும். ஆனால் அந்தப் பக்க த்ரெட் ஒரு சாதாரண லினக்ஸ் சிஸ்டம் காலைத் தொட்டால் போதும், உறுதி போய்விடும்; ஒவ்வொரு கெர்னல் பதிப்புக்கும் பேட்ச் காத்திருக்க வேண்டும். ஏற்கனவே அதில் ஊறியவர்கள் தொடரட்டும். புதிதாகத் தொடங்குபவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

காரணம், மைக்ரோகன்ட்ரோலர். கார்டெக்ஸ்-எம்4 சிப் ஒன்று இன்டரப்டை ஏற்க 12 சைக்கிள். 100 மெகாஹெர்ட்ஸில் அது 0.12 மைக்ரோ செகண்ட். மேலே ஃப்ரீஆர்டிஓஎஸ் அல்லது செஃபிர் போன்ற சிறிய ரியல்டைம் இயங்குதளம் போட்டு த்ரெட் மாற்றினாலும் சில மைக்ரோ செகண்டுக்குள் முடியும். கேஷ் குழப்பமும் எஸ்எம்ஐயும் பேஜ் ஃபால்ட்டும் அங்கே இல்லாததால், மோசமான எண் சராசரிக்குப் பக்கத்திலேயே இருக்கும். பல்ஸ் வேலையை அங்கே தள்ளிவிட்டால் லினக்ஸ் பக்கத்தின் தேவை அடியோடு மாறுகிறது. 3டி பிரின்டர்களுக்கான கிளிப்பர் இதைத்தான் செய்கிறது: பெரும்பாலும் பைத்தானில் எழுதிய ஹோஸ்ட் புரோகிராம் ஒவ்வொரு ஸ்டெப்பின் நேரத்தையும் முன்கூட்டியே கணக்கிட்டு அனுப்புகிறது; மைக்ரோகன்ட்ரோலர் அதை 25 மைக்ரோ செகண்ட் துல்லியத்தில் அல்லது அதைவிட நன்றாக நிறைவேற்றுகிறது. ஹோஸ்டில் ஓடுவது டிஸ்ட்ரோவோடு வந்த சாதாரணக் கெர்னல். அங்கே லினக்ஸ் காப்பாற்ற வேண்டியது ஒன்றே: அனுப்பிவைத்த கட்டளைகள் தீர்வதற்குள் அடுத்த தொகுதியை அனுப்பிவிட வேண்டும். அதற்கு எந்த பிரீஎம்ப்ஷன் வகையும் போதும்.